இடைத்தங்கல் பயணிகள்

எங்கள் சான் லிபோரியோ விமான நிலையத்தில் கடைசியாக விமானம் வந்து இறங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்காக அங்கே வேலை நடக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலை ஏழு மணிக்குப் பொறுப்பு அதிகாரி யூஸ்தாக்கியோ மக்பனுவா சைக்கிளில் வந்து பூட்டைத் திறப்பார். காற்றடிக்கும் திசை காட்டும் துணிப்பையைக் கம்பத்தில் ஏற்றுவார். பதிவேட்டில் 'காற்று மேற்கு. விமானம் இல்லை. அசம்பாவிதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு கொஞ்சம் களைப்பாக இருக்கும், உட்காருவார்.

ஊரில் அவரை எல்லோரும் தாக்கியோ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தொரு வயதில் எடை சொல்பவராக வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் வந்த விமானத்தில் பன்னிரண்டு பேர்தான் ஏற முடியும். ஆளையும் மூட்டையையும் சேர்த்து மேடையில் நிறுத்தி எடை பார்த்து, விமானிக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கத்த வேண்டும். தாக்கியோவுக்கு வெண்கலத் தொண்டை. தலைநகருக்குப் போகிற பெண்கள் முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். அப்படியும் ஒரு தடவை அப்போதைய மேயரின் மனைவியுடைய எடை கடைத்தெரு வரைக்கும் கேட்டுவிட்டது. மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஓடுபாதை 'பராமரிப்புக்காக' மூடிக் கிடந்தது.

அப்புறம் விசைப்படகு வந்தது. படகில் யாரும் எடை பார்க்கவில்லை, அதனால் ஊரே படகுக்கு மாறிவிட்டது. விமானம் வாரம் இரண்டு என்பது ஒன்றாகி, மாதம் ஒன்றாகி, ஒருநாள் வராமலே நின்றது. மேலாளர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், அவர் நாற்காலி தாக்கியோவுக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரி ஓய்வு பெற்றார், தீயணைப்பாளர் கோழிப் பண்ணை வைத்தார், தபால் குமாஸ்தா கல்யாணமாகி வேறு தீவுக்குப் போய்விட்டாள். எல்லா நாற்காலியும் தாக்கியோவுக்கே. மனிதர் முறை தவறாதவர். பாதுகாப்பு அதிகாரியாக ஒரு குறிப்பு எழுதுவார், குமாஸ்தாவாக முத்திரை குத்துவார், மேலாளராக எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து படித்துப் பார்ப்பார். ஒரு தடவை காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டார். ஆள் பற்றாக்குறையைக் காட்டித் தானே மறுத்துவிட்டார்.

மூடல் உத்தரவும் வந்தது, வராமலில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் வான்பாதை வாரியத்திலிருந்து உறை வந்தது: நிலையம் மூடப்படுகிறது, நிலம் ஊராருக்கே திரும்புகிறது, பொறுப்பு அதிகாரி வீட்டுக்குப் போகலாம். குமாஸ்தா தாக்கியோ அதை வாங்கி முத்திரை குத்தி மேலாளருக்கு வைத்தார். மேலாளர் தாக்கியோ ஓரத்தில் 'கலந்து பேசவும்' என்று எழுதி இழுப்பறையில் போட்டார். அன்றிலிருந்து கலந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த விஷயம் ஊரில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பொண்டாட்டிக்கும் தெரியாது. என்ன செய்வது, சட்டையில் பித்தளைச் சிறகு குத்திய ஆள் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். அது போய்விட்டால் அவர் வெறும் நாத்தோவின் மருமகன்.

இந்த நாத்தோ, மாமனார், மீனவர். விமான நிலையத்தை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. ஊருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில்தான் ஓடுபாதை கிடக்கிறது. குறுக்கே எழுபது எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனால் 'விமானப் பாதுகாப்பு கருதி' யாரும் குறுக்கே போகக் கூடாது என்று தாக்கியோ உத்தரவு போட்டிருந்தார். ஊரே பாலத்து வழியாகப் பதினோரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகும். பாதித் தூரம் டிரைசிக்கிள், மீதி மேட்டுப்பாதையில் நடை. கிழவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் செத்துப்போன பெண்டாட்டிக்கு மெழுகுவர்த்தி ஏற்ற, பட்டப்பகலில், ஓடுபாதையின் குறுக்கே, வேண்டுமென்றே மெதுவாக நடப்பார். தாக்கியோ பதினான்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். கிழவர் ஒவ்வொன்றிலும் கருவாடு சுற்றி மகளுக்கே திருப்பி அனுப்பினார். மகள் கிளாரிட்டாவோ அதிகாரியின் மனைவி. "நானே குறுக்க போனா ஊரு உன்னை என்ன மதிக்கும்?" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கல்லறைக்குச் சுற்றியே போய்வந்தாள்.

இப்போது பயணிகள் விஷயம். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேரே வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார் அல்லவா? நடுவில் எங்காவது கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவரை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் ரொட்டிக் கடையில் உட்காருவார்கள். கடைக்காரி கோபித்துக்கொள்ளவே, விமான நிலையத்துக் காத்திருப்புக் கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். இருபத்துநாலு நாற்காலி, மின்விசிறி, காசு கிடையாது. அதோடு, விமான நிலையத்தில் நின்றால் ஆவிக்கு எந்த ஊருக்குப் போவதென்று குழப்பம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. வருஷ அறிக்கையில் மூன்று கட்டம் உண்டு: வந்தவர், சென்றவர், இடைத்தங்கல் பயணிகள். தாக்கியோ பொய் எழுதாதவர். வந்து, உட்கார்ந்து, வேறு இடத்துக்குப் போகிறவர்களுக்கு வேறென்ன பெயர்? எண்ணிப் பார்த்து மூன்றாவது கட்டத்தில் எழுதினார். டெங்கு வந்த வருஷம் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியது.

அந்த எண்ணைத் தலைநகரில் யாரோ படித்துவிட்டார்கள்.

நாத்தோ செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமை அடக்கம். பாதிரியார் அன்று பத்தரை மணிப் படகில் அடுத்த தீவுக்குக் கிளம்புகிறார், திரும்பி வரப் பத்து நாளாகும். அதற்குள் முடித்தாக வேண்டும். சுற்றுவழிப் பாலமோ போன மாதப் புயலில் போய்விட்டது. புதன்கிழமை வாரியத்திலிருந்து தந்தி மாதிரி ஒரு கடிதம் வந்தது: நிலையத்துக்கு ஐம்பது வயது, சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பொன்விழா, இயக்குநர் நேரில் வருகிறார், 'சிறந்த இடைத்தங்கல் நிலையம்' விருது தருகிறார். விழா முடியும்வரை ஓடுபாதையில் மனிதர், விலங்கு, காயவைத்த நெல் எதுவும் இருக்கக் கூடாது.

கிளாரிட்டா கடிதத்தைப் படித்தாள், கணவனைப் பார்த்தாள்.

"இங்க பாரு தாக்கியோ. அப்பா சனிக்கிழமை அம்மா பக்கத்துல படுக்கணும். பாலம் இல்ல. நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

"நான் மேலிடத்துல கேக்குறேன், கிளாரி."

"மேலிடம் யாரு? நீதான மேலாளர்?"

"இது பொன்விழா. மேலாளருக்கும் மேல."

கேட்டார். வியாழக்கிழமை பூராவும் தொலைபேசியில் கேட்டார். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். ஐந்தாவதாக ஒரு பெண் எடுத்தாள்.

"ஓடுபாதையைக் கடக்கணும்னா நாப்பத்தெட்டு மணி நேரம் முன்னாடி படிவம் குடுக்கணும், சார். சவப்பெட்டி பயணியா, சரக்கா?"

"மாமனாருங்க."

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்லையே. சரக்குன்னா அனுப்புறவர், பெறுறவர் கையெழுத்து வேணும். பெறுறவர் யாரு?"

தாக்கியோ யோசித்தார். "மாமியார். அவங்க அங்கதான் இருக்காங்க. பதினாறு வருஷமா."

"அப்ப அவங்களைக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க."

"அவங்களும் செத்துட்டாங்கம்மா."

"அப்படின்னா பயணின்னு போடுங்க சார். பயணின்னா அடையாள அட்டையும் எடையும் போதும்."

தாக்கியோ நன்றி சொல்லிவிட்டு வைத்தார். இந்தப் படிவத்தைப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதித் தலைநகருக்கு அனுப்பி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாதாடியதே அவர்தான். அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார், சனிக்கிழமை காலைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் மிச்சம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இயக்குநர் அபெலார்டோ லகுண்டினோ படகில் வந்து இறங்கினார். தன் வாரியத்து விமான நிலையத்துக்குப் படகில் வருவதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. மேயர் பெபிங் அவரை நேரே சாவு வீட்டுக்குக் கூட்டிவந்தார், தேர்தல் வருகிறதே. மேயர் தன் முகம் பெரிதாகவும் நாத்தோவின் முகம் சின்னதாகவும் அச்சடித்த பதாகையை வாசலில் கட்டினார். காப்பியும் பிஸ்கட்டும் ஆனதும் ஒரு பத்துப் பதினைந்து பேர் எழுந்தார்கள். இயக்குநர் கேட்டார்:

"எல்லாரும் எங்க கிளம்பிட்டாங்க?"

"விமான நிலையத்துக்கு, சார்," என்றார் மேயர், வாயில் பிஸ்கட்டோடு.

இயக்குநர் பின்னாலேயே போனார். கூடம் நிறைய ஆட்கள், நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறார்கள். அவர்கள் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் மேயரின் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா மேயர்? விமானமே இல்ல, ஆனா ஜனங்க நம்பிக்கையை விடல. எவ்வளவு நேரம் இப்படிக் காத்திருப்பாங்க?"

"கால் மணி நேரம், சார். அதுக்குள்ள போயிடும்."

"எது போயிடும்?"

மேயர் பிஸ்கட்டை விழுங்கினார். தாக்கியோ ஜன்னல் வழியாகக் காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தொடங்க வேண்டிய விழா ஒன்பதே காலுக்குத் தொடங்கியது. முதலில் பிரார்த்தனை, பிறகு தேசிய கீதம், பிறகு மாகாண கீதம், பிறகு மேயர் எழுதிய ஊர் கீதம். மேடையில் உள்ள பதினெட்டுப் பேருக்கும் மாலை, பதினெட்டுப் பேருக்கும் பாராட்டுச் சான்றிதழ். மாலை போட்டவர்களுக்குத் தனிச் சான்றிதழ். ஓடுபாதையின் இந்தப் பக்கம், சிவப்பும் வெள்ளையும் அடித்த மூங்கில் தடுப்புக்குப் பின்னால், ஆறு பேர் தோளில் நாத்தோ. பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கறுப்பு உடையில் கிளாரிட்டா, வெயிலில், தடுப்பைப் பிடித்தபடி நின்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம், ஓடுபாதை ஓரம், சீருடை போட்டு, சிவப்புக் கொடி பிடித்து நின்றவர் அவள் புருஷன்.

மேயர் எழுந்தார். "இந்த ஓடுபாதையை இரண்டு மடங்கு ஆக்குவேன்!" என்றார். கைதட்டல்.

"நீளத்துலயா, அகலத்துலயா?" என்று பெட்டியின் முன்கோடியைத் தாங்கியவர் பதறினார். "இப்பவே தோள் விட்டுப்போச்சு."

இயக்குநர் எழுந்தபோது மணி பத்து அடிக்கக் கால் மணி இருந்தது.

"அன்பார்ந்த சான் லிபோரியோ மக்களே! எங்கள் வாரியத்தின் கீழ் நாற்பத்தொரு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் விமானம் தாமதமாகிறது, பெட்டி தொலைகிறது, பயணிகள் கூச்சல் போடுகிறார்கள். இங்கே? இருபத்திரண்டு வருஷமாக ஒரு விமானம்கூடத் தாமதமாகக் கிளம்பவில்லை. ஒரு பெட்டி தொலையவில்லை. ஒரு புகார் இல்லை. இது எப்படி என்று யோசித்தேன். எங்களுக்கு இத்தனை காலமாக இடைஞ்சல் செய்து வந்தது விமானங்கள்தான் என்று புரிந்தது! இனி நாடு முழுக்க இந்த முறையைக் கொண்டுவருவோம்."

கைதட்டல் ஓங்கியது. எங்களை யாராவது புகழ்ந்தால் எதற்கென்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

தாக்கியோ மேடை ஓரம் போய் நின்றார். "சார், அஞ்சே நிமிஷம். என் மாமனார். அந்தப் பக்கம் போகணும்."

"விழா முடியட்டும், மக்பனுவா. அடுத்து கல்வெட்டு, அப்புறம் நடனம், அப்புறம் விருது. இப்ப ஓடுபாதை நடப்புல இருக்கு."

"சார், பாதிரியார் போயிடுவாரு."

"விதி யாருக்காகவும் வளையாது. இதை உன்கிட்டதான் நாங்க கத்துக்கிட்டோம்! நீ எழுதின படிவம்தானே?" என்று முதுகில் தட்டினார்.

தாக்கியோ திரும்பிப் பார்த்தார். கிளாரிட்டா அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். தகப்பன் பெட்டிக்கு மேலே, வெயில் படாமல், தன் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குக் குடை எதற்கு? அது அவளுக்கும் தெரியும். கை சும்மா இருக்க முடியாமல் பிடித்திருந்தாள். தாக்கியோ சிவப்புக் கொடியைக் கீழே வைத்தார்.

அவர் அலுவலகத்துக்குள் போனார். இழுப்பறை துருப்பிடித்து மாட்டிக்கொண்டது, ஓர் உதை விட்டார். உறையோடு மேடைக்கு வந்தார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவையில்லை.

"இந்த நிலையம் மூடி பத்தொன்பது வருஷம் ஆச்சு! வாரியம் உத்தரவு போட்டுச்சு. நான் வாங்கினேன். நான் மறைச்சேன். நிலம் ஊருக்குச் சொந்தம். ஓடுபாதை இல்ல இது. வெறும் தரை!"

இயக்குநர் கடிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, முத்திரை வரைக்கும் படித்தார். அவருக்கு முகம் மாறவே இல்லை.

"ஓ, இதுவா," என்றார். "இது மூடல் பிரிவு. மூணாவது மாடி. நான் விழாப் பிரிவு, அஞ்சாவது மாடி. இதை நான் வாங்க முடியாது. திங்கக்கிழமை நேர்ல கொண்டு வா."

"சார், இது வாரியத்தோட சொந்தக் கடிதம்!"

"இருக்கலாம். ஆனா விருதும் வாரியத்தோட விருது. கல்லுல பொறிச்சாச்சு. காகிதம் பெருசா, கல்லு பெருசா?"

தாக்கியோ அவரைப் பேந்தப் பேந்தப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாக இந்த மொழியைத்தான் தானும் பேசி வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. தன்னிடம் கேட்டு வந்தவர்களுக்கு அவரும் இப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். கடிதத்தை மேயர் கையில் திணித்தார். நேரே தடுப்புக்குப் போனார். மூங்கிலைத் தூக்கிப் புல்லில் எறிந்தார். முன்கோடிக்காரனை ஒதுக்கிவிட்டுத் தோள் கொடுத்தார்.

"தூக்குங்கடா!"

எழுபது எட்டு. பொன்விழாவுக்கு வந்த வாத்தியக்காரர்களுக்குக் கூட்டம் நகர்ந்தால் வாசிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும், வாசித்தார்கள். நல்ல துள்ளலான மெட்டு. நாத்தோ அந்த மெட்டுக்கு ஆடிக்கொண்டே ஓடுபாதையைக் கடந்தார். இயக்குநர் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, இதோ, நம் நிலையத்திலிருந்து முதல் பயணி புறப்படுகிறார்! எழுதிக்கொள்ளுங்கள்: சென்றவர், ஒன்று!"

ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அதில் பாதிப் பேர் அழுதுகொண்டும் தட்டினார்கள். நாங்கள் அப்படித்தான்.

பாதிரியார் அவசர அவசரமாக ஜெபித்துவிட்டுப் படகுக்கு ஓடினார். மண் தள்ளினார்கள். பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நாத்தோ படுத்தார். தாக்கியோ சட்டையிலிருந்து பித்தளைச் சிறகைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். குழியில் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தார், கிழவர் எழுந்து திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று விட்டுவிட்டார்.

திரும்பும்போது எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். கிளாரிட்டா ஓடுபாதையின் நடுவில் நின்றாள். இடமும் வலமும் பார்த்தாள். இந்தத் தரையில் அவள் கால் வைப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை. தாக்கியோவும் நின்றார்.

"கேட்டேன். மேடையில சொன்னியே, பத்தொன்பது வருஷம்னு."

"ஆமா."

"அம்மா செத்து பதினாறு வருஷம்."

"ஆமா, கிளாரி."

"அப்ப நான் ஒருநாள்கூடச் சுத்திப் போயிருக்க வேண்டாம்."

தாக்கியோ தலையை ஆட்டினார்.

"பதினாறு வருஷம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். அந்த மேட்டுல. உன் மானத்துக்காக." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கல. இந்த ரெண்டு முட்டிக்கும் நீயே சொல்லு."

கூடத்து வாசலில் ஊர் முழுவதும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இயக்குநரும் மேயரும் மாலையோடு நின்றார்கள். சான் லிபோரியோ விமான நிலையத்தின் மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, தீயணைப்பாளர், குமாஸ்தா, எடை சொல்பவர் ஆகிய யூஸ்தாக்கியோ மக்பனுவா, கொதிக்கிற தாரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெண்டாட்டியின் முட்டிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். அந்த வெண்கலத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

"தப்புதான். மன்னிச்சிருங்க."

கிளாரிட்டா குனிந்து பார்த்தாள்.

"அது வலது முட்டி," என்றாள். "இடதுதான் ரொம்ப வலிக்குது. அதுக்குத் தனியா சொல்லு."